சொல்லிவிட்டு ஊத வேண்டும்

நங்கநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹாஜிரா அக்காவுக்கு,

ஜெயஸ்ரீ எழுதுகிறேன். நாங்கள் மூவரும் சௌக்கியம். ஆம்பூரில் மகன் வீடு பழகிவிட்டதா, முழங்கால் வலி எப்படி? உங்கள் மருமகள் தஹ்சீன் இதைப் படித்துக் காட்டும்போது பக்கத்தில் வேறு யாரும் வேண்டாம். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புது வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. அவருக்கு மட்டும் மயிலாப்பூர் காபி இங்கே கிடைக்கவில்லையாம். நான் போடுவது காபியே இல்லை போலிருக்கிறது!

விஷயத்துக்கு வருகிறேன். ஹம்சினியை ஐந்து மாதக் குழந்தையாக உங்களிடம் விட்டுவிட்டுத் தி.நகர் கடைக்கு வேலைக்குப் போனவள் நான். அம்மா என்பதற்கு முன்பே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பெரியம்மாவைக் கூப்பிடுவதுபோல், உங்களைக் காலா என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு மாதம் முன்பு ஆஞ்சநேயர் கோயிலில் எல்லோரும் கும்பிட்டு நிற்க, இவள் உங்களைப் போல இரு கையையும் ஏந்தி, உங்கள் உருதுவில் ஏதோ முணுமுணுத்தாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கையில் ஒன்று போட்டு, ஒழுங்காகக் கும்பிடச் சொன்னேன். அன்றிலிருந்து சாமி முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

போன வியாழன் பகலில் அவளுக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை கொடுத்தும் அழுகை ஓயவில்லை. நீங்கள் துஆ சொல்லி வேண்டிக்கொண்டு நெற்றியில் ஊதுவீர்களே, அதுபோல் ஊதச் சொன்னாள். ஊதினேன். இது வெறும் காத்தும்மா, மொதல்ல சொல்லிட்டு ஊதணும் என்றாள். எனக்கு என்ன தெரியும்? சின்ன வயதில் என் அம்மா சொல்வதுதான் வாயில் வந்தது. முருகா, எம்புள்ளைய பாத்துக்கப்பா. சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனையோ அர்ச்சனைக்கு நின்றிருக்கிறேன், ஒருநாளும் இப்படி ஆனதில்லை. அவள் யோசித்துப் பார்த்து, இதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா காலா சொல்றதையும் சொல்லு என்று உத்தரவு போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

காய்ச்சல் விட்டுவிட்டது, கவலை வேண்டாம். நேற்றுக் கோயிலில் அவள் கைகளை நானே முன்னால் எடுத்துவிட்டு, உனக்கு எப்படி வருதோ அப்படியே கேளு என்றேன். ஏந்தினாள். யார் பார்த்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. போன் ரிப்பேர் என்று அவரைச் சொல்லவைத்தது பொய். நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பிள்ளை சாமியிடம்கூட உங்கள் பேச்சில்தான் பேசுகிறாளே என்ற பொறாமை, அக்கா.

அந்த வார்த்தைகளை எனக்கும் சொல்லிக்கொடுங்கள். வெள்ளிக்கிழமை உங்கள் தொழுகை முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். தயவுசெய்து எடுங்கள்.

உங்கள் தங்கை,
ஜெயஸ்ரீ