ஒரு வாக்கால் தோற்ற லிஃப்ட்

பலெர்மோ, இத்தாலி

அன்புள்ள அம்மா,

உங்கள் முழங்கால் வலி எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை.

லிஃப்ட் பழுதானதிலிருந்து நான் பராமரிக்கும் வயதான பெண்மணி, சிஞ்ஞோரா, ஐந்தாம் மாடியை விட்டு இறங்கவில்லை. அவரைத் தனியே விட முடியாததால் நானும் இறங்குவதில்லை. கடையிலிருந்து பாண்கூட கயிற்றில் கட்டிய கூடையில்தான் மேலே வருகிறது.

லிஃப்டைத் திருத்தக் கடன் எடுப்பதா என்று நேற்று கட்டடத்தார் முற்றத்தில் கூடி வாக்கெடுத்தார்கள். சாகிற வயதில் தனக்கு எதற்குக் கடன் என்று சொல்லி, சிஞ்ஞோரா தன் வாக்கை என் பெயருக்கு எழுதித் தந்து, அரை மணி நேரம் தனியே இருப்பேன் என்று என்னைக் கீழே அனுப்பினார். வேண்டாம் என்று கை தூக்கினேன். ஒரு வாக்கால் கடன் தோற்றது.

முதலாம் மாடியில் வேலை செய்யும் பேரின்பநாயகம் அண்ணை, "பிள்ளை, இனி எப்பிடிக் கீழை வருவாய்?" என்றார்.

"படி இருக்குத்தானே அண்ணை" என்று சிரித்தேன்.

சிஞ்ஞோரா கூப்பிடுகிறார். மிளகாய்த்தூளோடு முருங்கை விதையும் அனுப்பி விடுங்கள், பால்கனியில் நடலாம். அது காய்க்கும்போதும் நான் இங்கேதான் இருப்பேன்.

ரதி