கோசு திரும்பி வந்த அமாவாசை

கரட்டுப்பாளையம்,
பல்லடம் வழி.
23-10-1996

அன்பு நண்பன் நஞ்சப்பனுக்கு,

அப்புசாமி எழுதுகிறேன். நானும் கனகமும் சுகம். டெல்லியில் குளிர் இறங்குவதற்குள் உன் முழங்காலுக்கு வைத்தியம் பார்த்துக்கொள். போன வருஷம் போலத் தள்ளிப்போடாதே.

உன் கடிதத்துக்கு இரண்டு முறை பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன். நிலத்தை விற்பதா, மகள் கையில் விடுவதா, நான் சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருக்கிறாய். விற்கச் சொன்னால் தீபாவளி கழிந்ததும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, லோகப்பிரியாவையும் கையோடு அழைத்துப் போவதாகச் சொல்கிறாய். வேளாண்மைத் துறையில் இருந்த காலமெல்லாம் நான் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியவனே தவிர, முடிவு எடுத்தவன் அல்ல. ஆகவே இதையும் அறிக்கை போலவே எழுதுகிறேன்.

1. உன் நிலத்தின் இப்போதைய நிலை.
2. லோகப்பிரியாவும் அவள் கூட்டாளிகளும்.
3. அவர்களுடைய கூடை வியாபாரம்.
4. இதில் எனக்கென்று சொந்த வருத்தம் எதுவும் இல்லை என்பது.
5. என் முடிவு: விற்றுவிடுவது நல்லது.

முதலில் நிலம். உன் பங்காளி குத்தகைக்கு ஓட்டியபோது கட்டி கட்டியாகக் கிடந்த மண், இப்போது கையில் அள்ளினால் உதிர்கிறது. தழையுரத்துக்காகக் கொளுஞ்சி விதைத்து, பூப்பதற்கு முன் மடக்கி உழுதிருக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. இதில் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. நிலத்தைக் கேட்பவர், என் தோட்டத்தை வாங்கிய அதே கோழிப்பண்ணைக்காரர்தான். "எதுக்குங்கப்பா அந்தத் தலைவலி, குடுத்துப்போட்டு நிம்மதியா இருங்க" என்று என் மகன் ரவிக்குமார் பம்பாயிலிருந்து போனில் சொன்னான், நான் கொடுத்துவிட்டேன். அப்போது நீ "சரியான முடிவு" என்று எனக்கு எழுதினாய். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இரண்டாவது, பிள்ளைகள். உன் மகளைத் தவிர இரண்டு பேர். பல்லடத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவரின் மகன் ரசாக். விற்பனை அவன் பொறுப்பு. இன்னொருவன் தாவீது. அவன் அப்பா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்து கூலி வேலை செய்தவர். தாவீது உன் மகளுக்குச் சமமாகக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து என்ன விதைப்பது என்று பேசியதைப் பார்த்து ஊரில் நாலு பேர் முகம் சுளித்தார்கள். அந்த நாலு பேரும் இப்போது நாட்டு விதை கேட்டு அவனிடம்தான் போகிறார்கள்.

முன்பெல்லாம் பயிரில் புழு விழுந்தால் இலையைப் பறித்துக்கொண்டு என் வாசலுக்கு வருவார்கள். என்ன மருந்து, எத்தனை டேங்க் என்று நான் சீட்டு எழுதிக் கொடுப்பேன். இப்போது அதே இலையை ஏந்திக்கொண்டு என் வாசலைத் தாண்டி உன் தோட்டத்துக்குப் போகிறார்கள். போகும்போது, "நல்லா இருக்கீங்களாங்க?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். கேட்காமலே போயிருக்கலாம்.

கனகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் பயிரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டவள் அல்ல. இப்போது சோறாக்கி வைத்துவிட்டு அங்கே காய் தரம் பிரிக்கப் போய்விடுகிறாள். அவள் சிரிப்பது வேலியைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் கேட்கிறது. எதற்குச் சிரித்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "அது உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க" என்றாள்.

மூன்றாவது, வியாபாரம். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கூடைகளை ஏற்றிச் சிங்காநல்லூரில் இறக்கி வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். அந்த வாரம் தோட்டத்தில் என்ன விளைந்ததோ அதுதான் கூடையில் இருக்கும்; பொறுக்கி எடுக்க முடியாது. நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்கும் பெண்பிள்ளை கோயமுத்தூரில் உண்டா என்று நினைத்தேன். வாங்குகிறார்கள். மருந்து அடிக்காத காய் என்ற ஒரே வார்த்தைக்காக வாங்குகிறார்கள்.

ஆனால் இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவர்கள் வசமாக மாட்டினார்கள். மருந்தில்லாமல் முட்டைக்கோசு வராது என்று நானே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு வந்துவிட்டது. அந்தப் பெருமையில் முந்தின நாள் வெள்ளிக்கிழமை கூடை நிறையக் கோசும் பீட்ரூட்டுமாக அடுக்கினார்கள். மறுநாள் மகாளய அமாவாசை. செத்துப்போன பெரியவர்களுக்குப் படைக்கிற நாளில் கோசு, பீட்ரூட் எந்த வீட்டில் அடுப்பேறும்? வாழைக்காய், அவரை, பூசணி, பாகல் என்று நாட்டுக்காய் அல்லவா வேண்டும்? உன் மகள் டெல்லியில் வளர்ந்தவள். ரசாக் வீட்டில் இந்த வழக்கம் இல்லை. தாவீது ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். மூவருக்கும் தெரியவில்லை. கூடை அடுக்கிய அன்று கனகமும் மூலனூரில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்து, பொழுது சாய்ந்த பிறகுதான் வந்தாள்.

நான் அந்தப் பக்கம் நடந்து போனேன். லோகப்பிரியா ஒரு கோசை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, "பெரியப்பா, ஒரு ஓட்டை இருக்குதான்னு பாருங்க!" என்றாள். "நல்லா இருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

விடிந்ததும் சிங்காநல்லூரிலிருந்து மளிகைக்கடைப் போனுக்கு ரசாக் கூப்பிட்டான். "கோசெல்லாம் கோவிச்சுட்டுக் கூடைக்கே திரும்பி வருதுங்க! ஒரு அம்மா என்னைய, 'ஏந்தம்பி, உங்கூட்டுல பெரியவங்களே கெடையாதா'ன்னு கேக்கறாங்க!" என்றானாம். கடைக்காரர் வந்து சொன்னபோது நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. கனகம் என்னைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, தெனமும் சீட்டைக் கிழிக்கறது நீங்கதானுங்களே? அமாவாசைன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றாள். என்னை யாரும் கேட்கவில்லை என்றேன். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய், நான் வைத்த வாழையில் ஒரு தாரை வெட்டிச் சாய்த்தாள். அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி, "அம்மணி, உங்க வேலியில அவரை கெடக்குமே, போடு! பூசணி இருந்தா உருட்டியுடு!" என்று ஒவ்வொரு வாசலிலும் சத்தம் போட்டாள். பாகலும் அவரையும் பரங்கியுமாக மடியில் கட்டிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். தாவீது குறுக்கே நின்று பஸ்ஸை நிறுத்தி வைத்தான். படையல் நேரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் காய் போய்ச் சேர்ந்துவிட்டது.

திரும்பி வந்த கோசு அன்று ஊரெல்லாம் பொரியலானது. எங்கள் வீட்டிலும்தான். படையலுக்கு வைக்காமல் ராத்திரிக்கு வதக்கினாள். குறை கண்டுபிடிக்க முயன்றேன். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன்.

போன சனிக்கிழமை சிங்காநல்லூர்க்காரர்கள் அந்த வேலிக்காய்களை மறுபடியும் கேட்டு அனுப்பினார்கள். இனி ஒவ்வொரு கூடையிலும் ஊர்ப் பெண்களின் வேலிக்கு ஒரு பங்கு உண்டாம். இந்த ஊர் விளைச்சலைப் பற்றி நான் எத்தனை அறிக்கை எழுதியிருப்பேன்! வேலியில் காய்ப்பதை ஒரு தடவைகூட அதில் சேர்த்ததில்லை.

நான்காவது விஷயத்துக்கு வந்துவிட்டேன். இந்த இடத்தில்தான் இரண்டு முறையும் கடிதத்தைக் கிழித்தேன்.

நஞ்சப்பா, உன் மகள் இந்த மண்ணைக் குழந்தையில் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அவள் இரண்டு நாள் ரயிலேறி வந்து இதைப் பிடித்துக்கொண்டாள். என் மகன் எங்கள் கிணற்றில்தான் நீச்சல் பழகினான். நாலாவது படியிலிருந்து குதித்து மண்டையை உடைத்துக்கொண்ட தழும்பு இன்னும் அவன் நெற்றியில் இருக்கிறது. அந்தக் கிணற்றை மூடி அதன்மேல் கொட்டகை போட்டுவிட்டார்கள். சாயங்காலம் கோழித் தீவனத்தின் நாற்றம் எங்கள் பக்கம் வரும்போது உன் தோட்டத்தில் அந்தப் பிள்ளைகள் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்க முடியாமல் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

நிலத்தை விற்காதே. அந்தக் கோழிப்பண்ணைக்காரரை நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒன்றையாவது மேலிடத்துக்குத் தள்ளாமல் செய்கிறேன். தீபாவளி கழிந்து நீ வா, கையெழுத்துப் போட அல்ல. உன் மகள் நன்றாக இருப்பாள். நானும் கனகமும் அவளுக்குத் துணை. பொங்கலுக்கு வரச்சொல்லி ரவிக்குமாருக்கும் எழுதப்போகிறேன். வந்தால் அவனுக்குக் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உன் நிலத்தைத்தான் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். அது அங்கே இருக்கட்டும்.

என்றும் உன்,
அப்புசாமி

பின்குறிப்பு: இந்தத் தடவை கிழிக்காமல் அனுப்புகிறேன். மேலே வரிசை போட்டு எழுதியதில் நான்காவது தவறு; அதனால் ஐந்தாவதும்.