என் பெயரைத் தேடு, சசி

நவம்பர் 4, செவ்வாய்

கே வருகிறது. எல் வரவில்லை. காலையிலிருந்து இதே கதை.

பயம் வந்தால் அம்மாவுக்கும் புரிகிற மாதிரி எழுதிப் பார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி வாடகைக்கு விடுவது, கணினிக்குள் ஓடும் கணினி. வீடு ஒருவருடையது, குடியிருப்பவர் வேறொருவர். உள்ளே நடப்பது வீட்டுக்காரருக்குத் தெரியக்கூடாது. அதற்காக நினைவகத்தையே குறியாக்கம் செய்து பூட்டிவிடுகிறோம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் குப்பை எழுத்துதான் தெரியும். மெஷின் விழித்ததும் முதலில் ஓடுகிற ஃபர்ம்வேர் என் பொறுப்பு. எந்தப் பகுதி பூட்டியது, எந்தப் பகுதி திறந்தது என்று வரைபடம் போடுவது அதுதான். டிஸ்க், நெட்வொர்க் போன்ற சாதனங்களோடு பேசுகிற பகுதி மட்டும் திறந்திருக்க வேண்டும். அதையும் பூட்டிவிட்டால் நாம் கேட்பது வெளியே யாருக்கும் புரியாது, மெஷின் நின்றுவிடும்.

இப்போது நின்றுவிட்டது. ஏதோ ஒரு கிளினிக்காம், கூடுதல் நினைவகம் கேட்டார்கள். கொடுத்ததிலிருந்து எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பூட்டு நல்ல பூட்டு என்பதால் நானும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. அதனால் ஒவ்வொரு படியிலும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்தை வெளியே தள்ளச் சொல்லி வைத்திருக்கிறேன். கே வரை வருகிறது.

அம்மாவுக்கு இது புரியுமா? சந்தேகம்தான். ஆனால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

நவம்பர் 5, புதன்

பவனேஷ் நேற்று மாலையே அதை ஓடவைத்துவிட்டார். "ஓடுது லா முரியல், விடு. அடுத்த வாரம் நிதானமா பாரு." எங்கள் குழுவுக்குத் தலைவர். அவசரமும் அவர்தான், நிதானமும் அவர்தான்.

வழக்கமான சோதனையும் தேறியதாம். மெஷினுக்குள் ஓர் அடையாள வாக்கியத்தைப் போடுவோம். வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து, அதாவது டேட்டா சென்டரிலிருந்து, அங்கே வேலை பார்க்கும் சசிகுமார் அதைத் தேடுவான். கிடைக்கக்கூடாது. கிடைக்கவில்லை. கிளினிக்காரர்கள் இன்று நோயாளிகளின் பதிவுகளை எல்லாம் ஏற்றிவிட்டார்கள்.

எந்தக் கிளினிக் என்று மதியம்தான் பார்த்தேன். புஞ்சாக் ஆலாமில் இருக்கும் மனநல கிளினிக்.

என் கிளினிக்.

நவம்பர் 6, வியாழன்

பூட்டுதான் இருக்கிறதே, பிறகென்ன பயம்? பயத்துக்குத்தானே அங்கே மாத்திரை வாங்குகிறேன். நியாயம் சொன்னால் கேட்கிற பயமாக இருந்தால் டாக்டர் எதற்கு?

அந்த நினைவகத்தைப் பார்க்க அனுமதி உள்ள ஆள் சசிகுமார். இதே அசாம் ஜாவா ஊரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறான். அவன் அம்மா பிரேமலா ஆன்ட்டி. நல்லவர், ஆனால் அவர் காதில் விழுந்தது பாசிர் பெனம்பாங் மீன்கடை வரை போய்விட்டுத்தான் ஓயும். நான் மாத்திரை சாப்பிடுவது அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. "யார்கிட்டயும் வாயத் திறக்காத. அப்புறம் பைத்தியம்னு கதை கட்டிவிட்டுருவாங்க" என்று முதல் நாளே சொன்னார்.

நவம்பர் 7, வெள்ளி

பவனேஷ் என்ன செய்திருக்கிறார் என்று இன்றைக்குத்தான் பிரித்துப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். இல்லை, பார்த்தது நல்லது. தெரியவில்லை.

முன்பு ஓர் எல்லை இருந்தது. அதற்குக் கீழே நினைவகம், மேலே சாதனங்கள். அந்த எல்லையை ஃபர்ம்வேரில் நிலையாக எழுதியிருந்தோம். நினைவகம் கூடியதும் சாதனங்கள் இன்னும் மேலே தள்ளிப்போய்விட்டன. ஃபர்ம்வேர் பழைய இடத்தையே திறந்துவைத்துக்கொண்டு சாதனங்கள் இருக்கும் புது இடத்தைப் பூட்டிவிட்டது. எல் வராததற்குக் காரணம் அதுதான். பவனேஷ் பழைய எல்லைக்கு மேலே உள்ள எல்லாவற்றையும் திறந்துவிட்டார். மெஷின் ஓடிவிட்டது. நடுவில் புதிதாகச் சேர்ந்த நினைவகம் மொத்தமும் திறந்து கிடக்கிறது. ஃபர்ம்வேருக்கு அடுத்து ஓடும் சிஸ்டமும் எங்களுடையது. ஃபர்ம்வேரின் வரைபடத்தை அப்படியே நம்பும்.

சோதனை எப்படித் தேறியது? நாங்கள் போடும் அடையாள வாக்கியம் எப்போதும் கீழ்ப் பகுதியில்தான் போய் உட்காரும். அங்கே பூட்டு இருக்கிறது. முன்கதவை ஆட்டிப் பார்த்துவிட்டுப் பின்கதவை மறந்த கதை. எல்லா மெஷினுக்கும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஜன்னலைத் திறந்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கையை நனைத்துவிட்டுத்தான் பவனேஷை அழைத்தேன். சசியும் அழைப்பில் இருந்தான்.

"டெஸ்ட் பாஸ் லா. நாளைக்கு அவங்களுக்குப் பேஷன்ட் இருக்கு, நீ ஏன் இவ்ளோ டென்ஷன் ஆவுற?" என்றார் பவனேஷ்.

மெஷினை நிறுத்த வேண்டும், கிளினிக்குக்கும் சொல்ல வேண்டும் என்றேன். அதற்குள் சசி, "நிறுத்திரலாம் பாஸ். இப்பவே நிறுத்துறேன்" என்றான்.

ஃபேன் சுவிட்சைத் தட்டுவதற்கும் யாரையாவது கேட்டுவிட்டுத் தட்டுகிற சசி. அவனுக்கு என்ன அவசரம்? பாத்துட்டானா? என் பேர பாத்துட்டான். அதான். ஐயோ கடவுளே, பாத்துட்டு என்மேல பரிதாபப்படுறான்.

நவம்பர் 8, சனி

மெஷின் நின்றுவிட்டது. பவனேஷ் கிளினிக்குக்கு எழுதிவிட்டார், முனகிக்கொண்டே. அங்கே இன்று எல்லாம் காகிதத்தில்தான் நடக்குமாம். அந்தச் சிரமம் எனக்குத் தெரியும், அடுத்த முறை நானும் அங்கே போய் உட்கார வேண்டியவள்.

திருத்தம் எழுதுகிறேன். புது எல்லை எது என்று வீட்டுக்காரரிடம்தான் கேட்க வேண்டும், வேறு வழியே கிடையாது. ஆனால் யாரிடமிருந்து மறைக்கிறோமோ அவரிடமே கேட்டு, அவர் சொன்ன இடத்தைத் திறப்பதா? கடைசியில் இப்படி வைத்தேன்: அவர் சொல்வதைக் கேள். ஆனால் ஏற்கெனவே நமது என்று பூட்டிய இடத்தை அவர் திறக்கச் சொன்னால், திறக்காதே, அங்கேயே நின்றுவிடு.

எல் வந்தது. எம், என் எல்லாம் வந்தன. சந்தோஷம் வரவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்தால் கூடத்தில் பிரேமலா ஆன்ட்டி. அம்மாவுக்கு இறால் வாங்கி வந்திருந்தார். "என்னா முரியல், முகம்லாம் வாடிப்போயிருக்கு. டாக்டர பாத்தியா?"

எந்த டாக்டர்? சும்மா கேட்டாரா, தெரிந்து கேட்டாரா? குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

நவம்பர் 10, திங்கள்

பதிவுகளைத் திருத்திய மெஷினில் திரும்ப ஏற்றியாகிவிட்டது. கிளினிக்குக்கு மெஷினைத் திறந்துவிடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை பாக்கி. பழைய அடையாள வாக்கியம் உதவாது. உண்மைப் பதிவுகள் போய் உட்காரும் இடத்தில், அதற்குள் இருக்கும் ஒரு சொல்லையே தேட வேண்டும். பொய் நோயாளியைச் சேர்க்க டாக்டர் ஒப்பவில்லை. உண்மை நோயாளியின் பெயரைத் தரவும் மாட்டார்கள், அவரே சம்மதித்தால் தவிர.

பவனேஷ் கேட்டார், "அப்ப சோதிக்காமலே விட்டுரலாமா?"

சம்மதிக்கக்கூடிய நோயாளி ஒருத்தி இந்தக் குழுவிலேயே இருக்கிறாள் என்று நான் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. பூட்டு சரிதானா என்பதும் யாருக்கும் தெரியாது. அந்தக் கிளினிக் கூடத்தில் என்னோடு தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்களே, அத்தனை பேரும் உள்ளே இருக்கிறார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

சசியை மட்டும் அழைத்தேன்.

"ஒரு பேரு தரேன், தேடிப் பாரு. அந்தப் பேரு உள்ள இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும்."

"யார் பேரு?"

"என் பேரத் தேடு, சசி."

"சரி, தேடிட்டுக் கூப்புடுறேன்" என்றான்.

காத்திருந்த நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. டாக்டர் சொன்னபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சசிக்குத் தெரியும் என்று. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அழைத்தான். "இல்ல முரியல். எங்கயுமே இல்ல. மேல, கீழ, எல்லாம் பாத்துட்டேன். வெறும் குப்பைதான் தெரியுது."

சாரல் அடித்த ஜன்னலைச் சாத்தினேன். அவன் இன்னும் முடிக்கவில்லை.

"இன்னொரு பேரும் தேடுனேன். அதுவும் இல்ல."

"எந்தப் பேரு? நான் ஒண்ணுதான குடுத்தேன்."

"என்னோடது."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்க, போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவன் தொடர்ந்தான். "அது அந்தக் கிளினிக்னு தெரிஞ்ச நாள்லேருந்து அந்த மெஷின் பக்கம் யாரையும் விடல. நானும் போவல. எங்க என் பேரு யாரு கண்ணுலயாவது பட்டுருமோன்னு பயம். நான் அங்க போறது அம்மாக்குத் தெரியாது."

"எங்க அம்மாக்கும் இப்பதான் உன்ன நெனச்சு பயம்" என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 12, புதன்

கிளினிக்குக்கு மெஷினைத் திறந்துவிட்டோம். அடையாள வாக்கியத்தை இனி எல்லைக்கு மேலேயும் போட வேண்டும் என்று பவனேஷ் எல்லாருக்கும் எழுதினார், தானே கண்டுபிடித்த மாதிரி. போகட்டும்.

நவம்பர் 20, வியாழன்

புஞ்சாக் ஆலாம் போய் வந்தேன். சசி கார் ஓட்டினான். என்னை வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன். காரை நிறுத்திவிட்டு அவனும் இறங்கினான்.

கவுன்டரில் பெயர் கேட்டால் எப்போதும் குனிந்து, அந்தப் பெண்ணுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்வேன். கூடத்தில் நிறைய பேர் இருந்தார்கள். சாதாரணக் குரலில் முரியல் என்றேன்.

பின்னால் நின்ற சசி அவன் பெயரைச் சொன்னான்.