றோட்டுக்கரை வீட்டுக்கு என்ன விலை?

இஞ்சாருங்கோ,

போன மாரிக் காய்ச்சலோடு நீங்கள் போய்விட்டீர்கள். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி மிச்சம் கிடக்கிறது. ஒட்டுசுட்டானில் இவ்வளவு காணி இருக்க, றோட்டுக்கரையில் வீட்டைக் கட்டினீர்களே, அது புத்தியா, விசர் வேலையா?

"பொறுத்துப் பாருமன், றோட்டுக்கரைக்கு ஒருநாள் நல்ல விலை வரும்" என்றீர்கள். நான் தூசிக்குக் குழம்புச் சட்டியை மூடி மூடியே களைத்துப்போனேன். இப்போது வீட்டை விற்றுவிட்டு, உடையார்கட்டு ஊரில் தங்கச்சியோடு இருக்கப் போகிறேன். கோபிக்காதேயுங்கோ.

முதலில் ஒரு வாத்தியார் வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, லொறி ஒன்று போய் மேசையே ஆடியது. "பிள்ளையள் எப்பிடிப் படிக்கிறது?" என்று எழும்பிவிட்டார். பிறகு ஒரு கடைக்காரர். மனிசன் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை! வாசலில் பஸ் நிற்குமா என்று மட்டும் கேட்டார். "நல்ல விலை தாறன் அக்கா. வீட்டை இடிச்சுப்போட்டுத் தேத்தண்ணிக்கடை போடப்போறன்." நீங்கள் சொன்ன விலை வந்துவிட்டது. ஆனால் அது றோட்டுக்கு வந்த விலை, உங்கள் வீட்டுக்கு இல்லை.

நேற்றுக் காட்டுக்கரைப் பக்கமிருந்து ஒரு புருசனும் பெண்சாதியும் வந்தார்கள். பெண்சாதி, இளம் பிள்ளை, முற்றத்தில் நின்று, "ராவிலயும் லொறி ஓடுமோ அக்கா?" என்றாள். இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டே, "ஓம் பிள்ளை, விடிய விடிய ஓடும்" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப யானை கிட்ட வராது!" உள்ளே இருந்த நெல்லுக்காக யானை அவர்களின் சுவரைத் தள்ளிவிட்டதாம். அன்றிலிருந்து அவளுக்கு நித்திரையே இல்லையாம்.

பாருங்கோ, இதை நீங்கள்கூட நினைத்திருக்க மாட்டீர்கள்! கடைக்காரரைவிடக் குறைத்துத்தான் கேட்டார்கள். வீடு உங்களுக்குத்தான் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

தூசிக்குப் பயந்து விற்கிறேன் என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் வேலை முடிந்து வருகிற பின்னேரப் பஸ் இன்னும் எங்கள் வாசலில் நிற்கிறது. அது நிற்கும்போதெல்லாம் நான் எட்டிப் பார்க்கிறேன். இனி என்னால் ஏலாதப்பா.

உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு அதே பஸ்ஸில் வந்து வாசலில் இறங்குவேன், இது சத்தியம். சத்தம் கேட்டு அந்தப் பிள்ளை எட்டிப் பார்க்கட்டும். எட்டிப் பார்க்கிற ஒருத்திக்கு ஆராவது வந்து இறங்க வேண்டாமா?

உங்கள் மனிசி,
நாகேஸ்