சால்வையில் வெந்த முட்டை

மார்ச் 2

என் அன்புக் குருவிக்கு,

உன் தையற்கார மாமா எழுதுவது. நானும் அத்தையும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம்.

வசந்த விடுமுறைக்கு நீ பாடம் நடத்தும் பிள்ளைகள் முட்டையைத் துணியில் சுற்றி வேகவைத்து, ஓட்டில் அந்தத் துணியின் டிசைன் பதிக்கப் பட்டுத் துண்டு கேட்டிருந்தாய். சரியான ஆளைத்தான் பிடித்தாய்! மற்ற கடைகளில் குப்பை கூட்டுவார்கள், என் கடையில் பட்டு கூட்டுகிறோம். இருபது துண்டு வைத்திருக்கிறேன். எல்லாம் நீதிபதிகள் கழுத்தில் கிடந்த டை. இங்கே ஒன்று வேகவைத்துப் பார்த்தேன்; இட்ட கோழியே வந்து திகைத்து நின்றது.

அத்தையும் தன் கல்யாணச் சால்வையில் ஒரு மூலையை வெட்டித் தந்திருக்கிறாள். "அசல் பட்டு, அசல் பட்டுன்னு முப்பது வருஷமா சொல்றீங்களே, அந்த மாங்காய் டிசைன் முட்டையில எப்படி விழுதுன்னு பாக்கணும்" என்கிறாள். அவளுக்கு ஒரு முட்டை அனுப்பு. அவசரமே இல்லை.

இப்படிக்கு,
பட்டு மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமா,

முட்டையைத் துணியில் இறுக்கிச் சுற்றி, வினிகர் விட்ட தண்ணீரில் இருபது நிமிடம் வேகவைத்தேன். உங்கள் டை ஒன்றுகூடப் பதியவில்லை. அசல் பட்டுதான் சாயம் விடுமாம். பக்கத்து வகுப்பு டீச்சர் தந்த பழைய டைகளால் பிழைத்தேன்.

சால்வைத் துண்டையும் வேகவைத்தேன். பிரித்தால் வெள்ளை முட்டை. அத்தைக்கு என்ன எழுதட்டும்?

குருவி

மார்ச் 13

குருவி,

படித்ததும் கிழித்துவிடு. டை எல்லாம் பள்ளிக்கூடச் சீருடை மிச்சம். அதை விடு. கல்யாணத்துக்கு நான் வாங்கும்போதே, சால்வை பட்டில்லை என்று கடைக்காரர் சொன்னார். அத்தை அதைத் தொட்டுப் பார்த்து, "பட்டா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தபின் வேறு சொல்ல வாய் வரவில்லை. இப்போது தெரிந்தால் எப்படி முகத்தில் விழிப்பேன்? நீ நன்றாக வரைவாய். ஒரே ஒரு முட்டையில் அந்த மாங்காய் டிசைனைக் கையால் வரைந்து அனுப்பு, மாமாவுக்காக.

மாமா

மார்ச் 24

அன்புக் குருவிக்கு,

முட்டை உடையாமல் வந்தது. நானே ஏமாந்துபோனேன். அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலோரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொண்ணு நல்லா வரைஞ்சிருக்கா" என்றாள்.

நான் கேட்டேன்: "எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் தடவை துவைச்சப்பவே. நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். இப்பவாவது சொல்வீங்கன்னுதான் வெட்டியே குடுத்தேன். நீங்க என்னடான்னா அந்தப் பொண்ணையும் பொய் சொல்ல வச்சிட்டீங்க."

பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். மன்னித்துக்கொள்.

இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "எதுவும் சேர்க்கலையே?" என்று கேட்டாள்.

இல்லை.

மாமா