தொட்டதும் நின்றுவிடும் கம்பு

மாப்ளே,

சிலம்பக் கம்புகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். மூங்கிலும் எண்ணெயும் சேர்ந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் குந்தியிருப்பது போலவே இருந்தது. "ஏலே, ஏன் இப்படிக் கொட்டுற, கம்பு என்ன கல்யாணத்துக்கா போகுது?" என்பாயே. அதைக் கேட்கலாம் என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வாந்திபேதி உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

இன்றைக்கு உன்னிடம் பேசியே ஆகவேண்டும். சிலம்ப வாத்தியார் படுக்கையில் விழுந்ததிலிருந்து களத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், தெரியும் உனக்கு. காலையில் பேச்சி என்றொரு பெண் வந்து நின்றாள். பஞ்சு மில்லில் வேலை செய்கிறவள். ஓடைப் பாதையில் தனியாக நடந்து வருகிறாள். வழியில் ஒருவன் மறிக்கிறானாம். போன வாரம் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

"அண்ணே, எனக்குக் கம்பு சொல்லித்தாரீகளா? ஆனா ஒண்ணு. இதப் படிச்சா நெசமாவே அவன அடிக்க முடியுமா? ஆட்டம் காட்டுறதுக்குன்னா எனக்கு வேண்டாம்" என்றாள்.

முகத்துக்கு நேரே கேட்டுவிட்டாள். களத்தில் இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருத்தனாவது என்னை இதைக் கேட்டிருக்கிறானா? நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முடியும் என்று நான் சொல்லி, அவள் அதை நம்பி ஒரு கம்போடு ஓடையில் போய் நின்றால் என்ன ஆகும் என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நாம் எப்படிப் படித்தோம், யோசித்துப் பார். கம்பு நுனியில் துணி சுற்றிக் கரித்தூளில் தோய்த்துக்கொள்வோம். ஆளுக்கு ஆள் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் ஆட்டம். உடம்பில் கரி பட்டால் "பட்டுச்சு" என்று ஒப்புக்கொண்டு கம்பைத் தாழ்த்த வேண்டும். தொட்டவன் அந்த நொடியே நிறுத்திப் பின்வாங்க வேண்டும். அழுத்தி அடித்தவனை வாத்தியார் களத்தைவிட்டே விரட்டுவார். "தொடணும், வலிக்கக் கூடாது. அதான்டா வித்தை" என்பார்.

அந்த வித்தையில் நான் கொம்பன். நெற்றியில் பொட்டு வைத்த மாதிரி கரியை வைத்துவிட்டு விலகுவேன். நீ சிரித்துக்கொண்டே துடைப்பாய். பங்குனிப் பொங்கலுக்கு நாம் இரண்டு பேரும் இறங்கினால் நெசவாளர் தெரு மொத்தமும் வந்து நிற்கும். நீ எந்தப் பக்கம் குனிவாய் என்று எனக்கு மனப்பாடம். நான் எந்தக் காலை எடுத்துவைத்து வீசுவேன் என்று உனக்கு மனப்பாடம். அதைச் சண்டை என்று நம்பினேன். முட்டாப்பயல், சண்டை என்றே நம்பினேன்!

அன்றைக்கு நடந்ததை எடுத்துக்கொள். யுத்த காலம். திருச்சுழியில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சேலைக்கட்டு கொண்டுபோனோம். துணி கிடைக்காத நாள், வழிப்பறி பயம், அதனால் துணைக்குக் கம்பும் எடுத்துக்கொண்டோம். கரி போட்டு ஓட்டுகிற பஸ் பாதி வழியில் இரைத்து இரைத்து நின்றுபோனது. நடந்தோம். உச்சி வெயில், இரண்டு பக்கமும் கரிசல், தூரத்தில் பருத்தி எடுக்கிற பெண்களின் தலைகள் மட்டும் தெரிந்தன. உடைமரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கையில் உலக்கை மாதிரி ஒரு தடி. "துணிக்கட்ட வச்சிட்டுப் போங்கலே" என்றான்.

எனக்குப் பயமே இல்லை, மாப்ளே. அதைத்தான் இப்போது நினைத்தால் கூசுகிறது. நான்கு எட்டு முன்னால் போய், கம்பை ஊன்றி, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். கை அது பாட்டுக்குச் செய்தது. "அடேய், இவன் நம்மளக் கும்புடுறான்டா!" என்று சிரித்தவன், நான் நிமிர்வதற்குள் இடுப்பில் ஓங்கி மிதித்தான். புழுதியில் உருண்டேன்.

எழுந்தேன், இல்லை என்று சொல்லவில்லை. கால் பழகிய கால்தானே. சுழன்று உள்ளே புகுந்தேன். அவன் தடி வருகிற வழி பளிச்சென்று தெரிந்தது. விலகி, அவன் நெற்றி நடுவில் கம்பு நுனியை வைத்தேன். வைத்தேன்! மண்டை பிளந்திருக்க வேண்டிய வீச்சு, பூ வைத்த மாதிரி தொட்டு நின்றது. வைத்துவிட்டு, சீ, எழுதவே கை வரவில்லை, பின்னால் ஓர் எட்டு வைத்து, அவன் "பட்டுச்சு" என்று சொல்வான் என்று நின்றேன்.

அவன் என் கம்பைப் பிடுங்கித் தூரப் போட்டான். தடியை ஓங்கினான். என் தலைக்குத்தான் வந்தது. நீ உன் கம்பை எப்போதோ போட்டுவிட்டாய். குறுக்கே விழுந்து வலது கையால் அந்த அடியை வாங்கினாய். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் நீ செய்தது எதுவும் வாத்தியார் சொல்லித்தந்தது இல்லை. இடது கையால் புழுதியை அள்ளி அவன் கண்ணில் அடித்தாய். தொடையைக் கடித்தாய். வீட்டில் பேசுகிற தெலுங்கில் அம்மாவைக் கூப்பிட்டு அலறினாய். அங்கே எத்தனை பேருக்கு அந்தப் பாஷை புரிந்திருக்குமோ? ஆனாலும் பருத்திக்காட்டுப் பெண்கள் மடிப் பருத்தியைக் கொட்டிவிட்டு, மண்கட்டிகளை எறிந்துகொண்டு, "எவன்டா அது, எவன்டா அது" என்று ஓடிவந்தார்கள். வழிமறித்த இரண்டு பேரும் சேலைக்கட்டை எடுக்காமலே ஓடிப்போனார்கள். நான் வெறுங்கையோடு நின்றிருந்தேன். ஒரு கிழவி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ எதுக்குய்யா கூட வந்த?" என்று கேட்டாள்.

உன் மணிக்கட்டு கோணலாகவே கூடியது. தறியில் நாடாவை ஓட்டும் கயிற்றை இழுக்க அந்தக் கை ஒத்துழைக்கவில்லை. தறியை விற்றாய். ஆம்பளை ஆள், பெண்களோடும் பிள்ளைகளோடும் உட்கார்ந்து, நாடாவுக்குள் போடும் நூல்தார் சுற்றினாய். நீ சுற்றிய தாரைத்தான் நான் என் தறியில் போட்டு நெய்தேன். ஊர் கேட்டபோதெல்லாம், "அஞ்சாறு பேரு வந்துட்டானுக, இவன் இல்லன்னா நான் செத்திருப்பேன்" என்றாய். பக்கத்திலேயே நின்றிருந்தேனே, ஏன்டா அப்படிச் சொன்னாய்? என்னைக் காப்பாற்றுவதை நீ அன்றோடு விட்டிருக்கக் கூடாதா?

ஒரே ஒரு தடவை, நானாகக் கேட்டபோது மட்டும், தாரைச் சுற்றிக்கொண்டே சொன்னாய்: "உன் கை எதிராளியத் தேடலலே. என்னையத்தான் தேடுச்சு. அவன் நானா இருந்திருந்தா நீதான் ஜெயிச்சிருப்ப." சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்கு அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மடலை இதோடு நிறுத்திவிட்டுப் படுத்தேன். இப்போது மறுநாள் மத்தியானம். பேச்சி வந்து போய்விட்டாள்.

அவளிடம் உள்ளதைச் சொன்னேன், மாப்ளே. அஞ்சாறு பேர் இல்லை, இரண்டே பேர் என்று முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். கம்பு காலுக்கும் மூச்சுக்கும் கண்ணுக்கும் நல்லது, ஆனால் ஒப்புக்கொண்டு விலகுகிறவனோடு மட்டுமே பழகிய கை, ஒப்புக்கொள்ளாதவன் முன்னால் திகைத்துவிடும் என்றேன். முதலில் கத்தப் பழகு, மண்ணை அள்ளப் பழகு, ஓடப் பழகு, மில்லுக்கு வரும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நட என்றேன். "இத எந்த வாத்தியாரு சொல்லித்தந்தாக?" என்றாள். உன்னைச் சொன்னேன்.

பிறகு கம்பைக் கொடுத்து, நிறுத்தாமல் என்னை அடி என்றேன். "படும்ல அண்ணே?" என்றாள். படட்டும் என்றேன். முதல் அடி தோளில் இறங்கியது. வீங்கியிருக்கிறது. அவள் பயந்துபோனாள், இன்னும் ஓங்கி அடி என்றேன், அடித்தாள். நல்ல கை அவளுக்கு.

அடுத்தது என் முறை. அவள் தடுக்கப் பழக வேண்டுமே, அதற்கு நான் நிஜமாக வீச வேண்டும். அவள் கம்பைக் குறுக்கே பிடித்திருக்கிறாள், ஒன்றும் ஆகாது என்று தெரியும். வீசினேன். அவள் கம்பை எட்டுவதற்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. மறுபடி வீசினேன், மறுபடி நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு வீசினேன். அதுவும் நின்றது.

"என்னண்ணே, நிறுத்திட்டீக? அவன் நிறுத்துவானா?"

"மாட்டான்மா" என்றேன்.

அவள் கம்பைச் சாத்தி வைத்துவிட்டு, தன் அண்ணனை நாளைக்கு வீச வரச் சொல்வதாகச் சொல்லிப் போனாள். கோணிப்போன உன் கையை ஊரே பார்த்தது. என்னுடையது பார்க்க நேராகத்தான் இருக்கிறது.