கூடையில்லாமல் ஏறிய மலை

என் சிநேகிதியே,

இன்று காலை சவர்க்காரக் கட்டியைத் துண்டு துண்டாக வெட்டினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாய். அட்டை கடிக்காமலிருக்கக் காலில் தேய்த்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு. மழை விட்டுத் தேயிலைக் கொழுந்து குறையும் இந்த நாட்களில்தானே வருஷா வருஷம் நம் லயத்து வீட்டுப் பெண்களை வேனில் ஏற்றி நக்கிள்ஸ் மலைக்காட்டுக்குக் கூட்டிப் போவாய். நீ கண்ணை மூடிய பிறகு வரும் முதல் முறை இது. ஏற்பாடெல்லாம் என் தலையில்.

முதல் வருஷம் தோட்டமே நம்மைக் கேலி செய்தது. தினம் ஏறுவது மலை, லீவு போட்டும் மலையா என்று என் புருஷன்கூடச் சிரித்தார். நீ அசரவில்லை.

"கூடைக் கயிறு தலையில இல்லாம ஒரு மலையாவது ஏறணும்டி," என்றாய்.

அன்றைக்கு அந்தக் காட்டின் ரிவர்ஸ்டன் பாதையில் நடந்த கூத்தை மறக்க முடியுமா? பேச்சு சுவாரஸ்யத்தில் நம் கைகள் தம்பாட்டில் ஓரத்துச் செடிகளின் தளிரைக் கிள்ளிக்கொண்டே வந்தன. காட்டுக் காவலர் ஓடிவந்து, இங்கே ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். நீ அவர் பாஷையிலேயே சமாதானம் சொல்லிவிட்டு, எல்லோரையும் கையைக் கட்டிக்கொண்டு நடக்க வைத்தாய். உச்சியில் காற்று சேலையைப் பிடுங்கியது. கீழே நம் தோட்டம் எந்தப் பக்கம் என்று தேடினோம். வேலைக்காக அல்லாமல் ஒரு மலைமேல் நிற்கிறோம் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு வாங்குவதுதான் எப்போதும் பெரும்பாடு. கோயிலுக்கு என்றால் தோட்டத்துத் துரை உடனே தருவார். ஊர் சுற்ற என்றால் முகம் சுளிப்பார். கோயில் என்றே சொல்லிவிடுங்கள் என்று கங்காணி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "சாமிக்குன்னா லீவு, நமக்குன்னா இல்லையா? நமக்குன்னே கேப்போம்," என்பாய். துரையிடம் நீ பேசுவாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்பேன்.

நேற்று நானே போய் நின்றேன். லீவு கிடைக்காவிட்டால் இந்தப் பயணம் உன்னோடு முடிந்தது என்று பெண்கள் வெளியே கவலையோடு காத்திருந்தார்கள். துரை நிமிராமலே எந்தக் கோயில் என்று கேட்டார். ஏதோ ஒரு பெயரைச் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே காரியம் முடிந்திருக்கும்.

"கோயிலுக்கு இல்லீங்க ஐயா. நாங்க மலை பார்க்கப் போறோங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, போய்விட்டு வாருங்கள் என்றார்.

உன் வாய் இப்போது என்னிடம் இருக்கிறதடி. இனி வருஷா வருஷம் நானே கேட்பேன்.